உறுப்பறையும் உவகையும்: ‘தி சர்ஜ் 2’ வீடியோ விளையாட்டின் போர் இலக்கணம்

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் இரண்டு செய்திகள் இக்கட்டுரைக்கு அடிப்படையாகின்றன. உறுப்பறை, அதாவது ஓர் உயிரின் உறுப்புகளைக் குறைத்தல், வெகுளி பிறக்கும் களன்களுள் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. விளையாட்டு என்பது உவகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. வெகுளிக்குரிய செயலும் உவகைக்குரிய செயலும் இலக்கணத்தில் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. இவ்விரண்டும் ஒரே செயலாக ஒன்றிவிடும் ஒரு கலைவடிவம் தோன்றின் அதனை எங்ஙனம் மதிப்பிடுவது என்னும் வினாவை இன்றைய வீடியோ விளையாட்டுகள் எழுப்புகின்றன.

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற சான்றாக ‘தி சர்ஜ் 2’ என்னும் ஆக்கம் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரைச் சார்ந்த டெக்13 இண்டராக்டிவ் நிறுவனம் இதனை உருவாக்கியது. பிரெஞ்சு நிறுவனமான ஃபோகஸ் ஹோம் இண்டராக்டிவ் 2019 செப்டம்பரில் இதனை வெளியிட்டது. 2017-இல் வெளிவந்த ‘தி சர்ஜ்’ என்னும் ஆக்கத்தின் தொடர்ச்சி இது. பெருமுதலீட்டில் உருவாகும் ஆக்கங்களுக்கும் ஓரிருவர் தனித்து உருவாக்கும் சிற்றாக்கங்களுக்கும் இடைப்பட்ட நிலையில் வைத்து எண்ணத்தக்கது. இத்தகைய இடைநிலை ஆக்கங்கள் திறனாய்வாளரின் பார்வையில் பெரிதும் படுவதில்லை. பெருமுதலீட்டு ஆக்கங்கள் அவற்றின் பரப்பாலும் சிற்றாக்கங்கள் அவற்றின் புதுமையாலும் பேசப்பட, இடைநிலை ஆக்கங்கள் பொழுதுபோக்கு எனத் தள்ளப்படுகின்றன. ஆயினும் ஒரு வகைமையின் இலக்கணம் தெளிவாகப் புலப்படுவது பெரும்பாலும் இத்தகைய ஆக்கங்களிலேயே எனலாம்.

ஆய்வு அணுகுமுறை

வீடியோ விளையாட்டை இலக்கியத் திறனாய்வு அணுகுவதில் நெடுநாளாக ஒரு தயக்கம் நிலவி வருகின்றது. நார்வேயில் பணியாற்றிய எஸ்பென் ஆர்செத் 1997-இல் வெளியிட்ட ‘சைபர்டெக்ஸ்ட்’ என்னும் நூல் இத்தயக்கத்திற்கு ஒரு விடை தந்தது. கண்ணை ஓட்டுவதும் பக்கத்தைப் புரட்டுவதும் தவிர வேறு முயற்சியை வேண்டாத பனுவல்கள் ஒரு வகை. கடந்து செல்லவே தனி உழைப்பை வேண்டும் பனுவல்கள் மற்றொரு வகை என அவர் பகுத்தார். இரண்டாம் வகையில் வாசகரின் உழைப்பே பனுவலின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. எனவே இத்தகைய ஆக்கத்தில் கதையை மட்டும் எடுத்து ஆராய்தல் நாடகத்தின் கூத்தை விடுத்து உரையாடலை மட்டும் படிப்பதற்கு ஒப்பாகும். ‘தி சர்ஜ் 2’ ஆக்கத்தில் பொருள் பிறப்பது ஆடுவோரின் கையிலும் கண்ணிலும் நிகழும் செயலிலேயே ஆதலின், அச்செயலின் விதிகளே இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றன.

கதையும் களமும்

முதல் ஆக்கத்தின் தலைவன் வாரன் சக்கர நாற்காலியில் இயங்குபவன். கிரியோ என்னும் பெருநிறுவனத்தில் பணியேற்கும் அவனுக்கு ‘எக்ஸோ ரிக்’ எனப்படும் இயந்திரப் புறச்சட்டகம் பொருத்தப்படுகின்றது. மயக்க மருந்தின்றி, நினைவு தெளிந்திருக்கும் நிலையிலேயே அச்சட்டகம் அவன் உடலில் திருகப்படும் தொடக்கக் காட்சி அவ்வாக்கத்தின் கருத்து முழுவதையும் தாங்கி நிற்பது. நடக்கும் ஆற்றல் நிறுவனம் தரும் கொடையாக வருகின்றது. அக்கொடையின் விலை உடலின் மீதான உரிமை.

தொடர்ச்சியாக்கம் ஜெரிக்கோ என்னும் நகரைக் களமாகக் கொள்கின்றது. விமான விபத்தில் தப்பிய ஒருவர் சிறைக்கூடம் ஒன்றின் மருத்துவப் பகுதியில் நெடுநாள் நினைவிழப்பிலிருந்து விழிக்கின்றார். நானோ நுண்பொறிகளால் பரவும் நோய் நகரைச் சிதைத்திருக்க, படையினர் மதிலெழுப்பி நகரை அடைத்து வைத்துள்ளனர். அதே விமானத்தில் வந்த ஏதெனா என்னும் சிறுமியைத் தேடிச் செல்லுதல் கதையின் இழையாகின்றது. தலைமை மாந்தரின் தோற்றத்தை ஆடுவோரே அமைத்துக்கொள்ளலாம். அம்மாந்தர் பெரும்பாலும் பேசுவதில்லை.

இம்மாற்றம் ஆராயத்தக்கது. முதல் ஆக்கத்தில் பெயரும் முகமும் உடற்குறையும் உடைய ஒருவன் இருந்தான். இரண்டாவதில் யாராகவும் இருக்கத்தக்க ஒருவர் இருக்கின்றார். விருப்புரிமை கூடியது, கதையின் அழுத்தம் குறைந்தது. வாரனின் முதற்காட்சி தந்த நடுக்கத்திற்கு இணையானதொரு காட்சி தொடர்ச்சியில் இல்லை. நகரின் பின்னணி பல இடங்களில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளின் வாயிலாகவே அறிய வருகின்றது. வழியில் எதிர்ப்படும் மாந்தர் சிலர் உதவி வேண்டுகின்றனர். அவர்தம் துயரங்கள் சில சொற்களில் முடிந்துவிடுகின்றன. கதைத்துறையில் இத்தொடர்ச்சி முன்னதை விஞ்சவில்லை என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்லல் வேண்டும். விஞ்சியது போரில்.

போரின் இலக்கணம்

இவ்வாக்கத்தின் போர் ஒரு மொழியின் இலக்கணம் போல அமைந்துள்ளது. அதன் எழுத்துகள் மிகச் சில. கிடைமட்டமாக வீசுதல், செங்குத்தாக வீசுதல், தடுத்தல், விலகுதல் என்பனவே அடிப்படைச் செயல்கள். ஒவ்வொரு வீச்சும் விலகலும் உடலாற்றலைக் குறைக்கும். ஆற்றல் தீர்ந்தவர் நின்று மூச்சு வாங்கல் வேண்டும். ஆகவே எழுத்துகள் சிலவாயினும் அவை புணரும் முறையில் பிழை நேர்ந்தால் பொருள் கெடும். இங்குப் பொருள் கெடுதலாவது உயிர் போதல்.

இவ்விலக்கணத்தின் சிறப்புக் கூறுகள் மூன்று. முதலாவது உறுப்புத் தெரிவு. எதிரியை நோக்கி நிற்கும்போது தலை, உடல், இரு கைகள், இரு கால்கள் என ஆறனுள் ஒன்றை இலக்காகத் தெரிவு செய்தல் வேண்டும். கவசமற்ற உறுப்பைத் தாக்கினால் எதிரி விரைவில் வீழ்வான். கவசமுள்ள உறுப்பைத் தாக்கினால் நெடுநேரம் பிடிக்கும். ஆனால் போதிய ஆற்றல் சேர்ந்தபின் அவ்வுறுப்பை வெட்டி வீழ்த்தினால் அக்கவசத்தின் பகுதி ஆடுவோர்க்குக் கிடைக்கும். படைக்கலம் வேண்டுமாயின் அதனை ஏந்திய கையை வெட்டுதல் வேண்டும்.

இரண்டாவது திசைத்தடுப்பு. எதிரியின் வீச்சு மேலிருந்து வருகின்றதா, கீழிருந்தா, இடமிருந்தா, வலமிருந்தா என்பதைக் கண்டு, அத்திசையில் தன் தடுப்பை உரிய கணத்தில் திருப்பினால் எதிரி நிலைகுலைவான். ‘இம்பிளாண்ட்’ எனப்படும் உட்பொருத்து ஒன்று வீச்சின் திசையைக் குறியாகக் காட்டித் தொடக்க நிலையினருக்கு உதவும். முதல் ஆக்கத்திலும் உறுப்புத் தெரிவு இருந்தது. ஆயின் நாற்றிசைத் தடுப்பு இவ்வளவு நடுவிடம் பெற்றது தொடர்ச்சியிலேயே. இதனால் போர் விலகி ஓடுதலிலிருந்து எதிர்நின்று படித்தலாக மாறியது. எதிரியின் தோள் அசைவு ஒரு சொல்லின் முதலெழுத்து. அதனைக் கண்டவுடன் சொல் முழுவதையும் உணரவல்லவரே தப்புவர்.

மூன்றாவது பேட்டரி. எதிரியைத் தாக்குந்தொறும் ஆற்றல் சேர்கின்றது. அவ்வாற்றலைக் கொண்டே காயத்தை ஆற்றிக்கொள்ளுதல் இயலும். எனவே காயமுற்றவர் ஒதுங்கி நின்று நலம்பெறுதல் அரிது. மீண்டும் எதிரியை அணுகித் தாக்குதல் வேண்டும். அச்சம் மிகும் கணத்தில் நெருங்குதலே மருந்தென இவ்விதி கற்பிக்கின்றது. பல விளையாட்டுகளில் எச்சரிக்கை காப்பாகும். இங்கு அளவறிந்த துணிவே காப்பு.

இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கவசமுள்ள கையை விரும்பினால் போர் நீளும்; போர் நீண்டால் காயம் மிகும்; காயத்திற்கு மருந்து வேண்டினால் மேலும் நெருங்கல் வேண்டும்; நெருங்கினால் திசையறிதல் இன்றியமையாதது. ஆசை எவ்வளவோ அவ்வளவு இடர். ஓர் அசைவின் விதியும் மற்றோர் அசைவின் விதியும் இவ்வாறு இயைந்து நிற்றல் இடைநிலை ஆக்கத்தின் சிக்கனத்தால் விளைந்த நன்மை எனலாம். டெக்13 தன் சொந்த மென்பொருள் இயக்கியான ‘ஃப்ளெட்ஜ்’ கொண்டே இதனை உருவாக்கியது. பலவற்றைச் சேர்க்க இயலாத நிலையில் சிலவற்றை ஆழப்படுத்துதலே வழி.

தோல்வி செய்யும் பணி

இவ்வாக்கத்தில் ஆடுவோர் பலமுறை இறக்கின்றனர். 2009-இல் ‘டீமன்’ஸ் சோல்ஸ்’, 2011-இல் ‘டார்க் சோல்ஸ்’ ஆகிய ஜப்பானிய ஆக்கங்கள் நிலைநிறுத்திய மரபு இது. பகைவரை வீழ்த்திப் பெறும் பொருள் இறக்கும்போது இறந்த இடத்திலேயே விழுந்துவிடும். மீண்டும் அவ்விடத்தை அடைந்தால் அதனைப் பெறலாம். இடையில் மறுபடி இறந்தால் அது போயிற்று. ‘தி சர்ஜ் 2’ இம்மரபை ஏற்று ஒரு மாற்றத்தைச் செய்கின்றது. ‘டெக் ஸ்கிராப்’ என்னும் அப்பொருளை மீட்கக் கால வரையறை உண்டு. ‘மெட்பே’ என்னும் மருத்துவக் கூடத்தை அடைந்தால் அதனைச் சேமித்து வைக்கலாம். ஆனால் கூடத்தைப் பயன்படுத்தியவுடன் வீழ்ந்த பகைவர் அனைவரும் மீண்டும் எழுந்து நிற்பர்.

டென்மார்க்கைச் சார்ந்த ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-இல் ‘தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்’ என்னும் நூலில் ஒரு முரணைச் சுட்டினார். மாந்தர் தோல்வியை வெறுப்பர்; ஆயினும் தோல்வி உறுதியாக நேரும் விளையாட்டுகளைத் தாமே நாடிச் செல்வர். அவலநாடகத்தைக் கண்டு இன்புறுதலில் உள்ள முரணோடு இதனை அவர் ஒப்பிட்டார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நாடகத்தில் வீழ்பவன் வேறொருவன். விளையாட்டில் வீழ்ந்தது தன் பிழையால் என்பதை ஆடுவோரே அறிவர். ‘தி சர்ஜ் 2’ இவ்வறிதலைக் கூர்மையாக்குகின்றது. திசையைக் குறி காட்டியது, காலம் இருந்தது, கை தவறியது. பழி சொல்ல வேறொருவர் இல்லை.

இங்குப் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு துணைசெய்கின்றது. அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பது இலக்கண மரபு. இவ்வாக்கத்தின் தலைமைப் பகைவருள் ஒருவனை வென்றபின் எழும் உணர்வு வெற்றிக் களிப்பு மட்டுமன்று. பல கைகளையுடைய பேரியந்திரமான ‘லிட்டில் ஜானி’யின் முன் முதன்முறை நிற்பவர் அதன் அசைவுகளைப் பொருளற்ற ஆரவாரமாகவே காண்பர். சில முறை வீழ்ந்தபின் அவ்வாரவாரத்தில் ஒழுங்கு புலப்படத் தொடங்கும். முதலில் புலப்படாதது பின்னர்ப் புலப்படுதல் கல்வி. புலப்படும் வரை நின்றிருத்தல் தறுகண். இவ்விரண்டும் ஆக்கத்தின் விதிகளாலேயே விளைவிக்கப்படுகின்றன.

மற்றை இரண்டும் முற்றிலும் இல்லாமற் போகவில்லை என்பது வியப்புக்குரியது. தனித்து ஆடும் இவ்வாக்கத்தில் இணையத் தொடர்பின் வழியே ஆடுவோர் சுவர்களில் குறிகளைத் தீட்டிச் செல்லலாம். அவை முகமறியாத பிறருடைய உலகில் தோன்றும். மறைந்த பொருளையோ பதுங்கிய பகைவனையோ சுட்டும் ஒரு குறி, கைம்மாறு கருதாத சிறு கொடை. தம் உருவத்தை எளிதிற் காணவியலா இடத்தில் நிறுத்திப் பிறர் கண்டுபிடிக்கட்டும் என விட்டுச்செல்லும் வசதியும் உண்டு. அஃது இசை விரும்பும் முயற்சி. பேச்சற்ற நகரில் இக்குறிகளே மாந்தர் இருப்பின் சான்றாக நிற்கின்றன.

உறுப்பறையும் வெகுளியும்

இனி இவ்வாய்வின் தலையாய வினாவிற்கு வரலாம். உறுப்பறையை இலக்கணம் வெகுளியின் களனாக வைத்தது பொருளுடையது. குடியைக் கோள் செய்தல், அலைத்தல், கொலை ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமையால், அது காண்பவர் நெஞ்சைக் கொதிக்கச் செய்யும் கொடுமை என்பது தெளிவு. ‘தி சர்ஜ் 2’ அதே செயலைத் தன் பொருளியலின் அச்சாக வைக்கின்றது. வெட்டும் கணத்தில் காட்சி நெருங்கிவந்து அச்செயலைத் தனித்துக் காட்டுகின்றது. வெட்டப்பட்ட கை ஒரு படைக்கலம். வெட்டப்பட்ட கால் ஒரு கவசத்தின் பகுதி. உவகையின் மற்றொரு களனாகிய செல்வமும் இங்கு விளையாட்டோடு சேர்ந்துகொள்கின்றது. வெகுளி எழவேண்டிய இடத்தில் உவகை எழுகின்றது.

புறத்திணை நோக்கிலும் இதனைக் காணலாம். மைந்து ஒன்றே பொருளாகப் பொருதல் தும்பை. பிறர் உடைமையைக் கவர்தலில் தொடங்குவது வெட்சி. திசையறிந்து தடுத்து எதிர்நின்று பொரும் இவ்வாக்கத்தின் போர் வடிவத்தால் தும்பையை ஒத்தது. ஆனால் ஒவ்வொரு போரும் எதனைக் கவர்தற்கு என்னும் கணக்கோடு தொடங்குவதால் நோக்கத்தால் வெட்சியை ஒத்தது. ஆடுவோர் எதிரியைக் காணும்போது முதலில் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் அணிந்திருப்பதைப் பார்க்கின்றனர். எந்தக் கால் தம்மிடம் இன்னும் இல்லை என்பதே முதல் எண்ணம்.

இதனைக் குறையாகக் கூறித் தள்ளிவிடுதல் எளிது. விளையாட்டில் உயிர் போவதில்லை, எதிரிகள் வெறும் உருக்கள் என விடை கூறுதலும் எளிது. இரண்டும் ஆக்கத்தின் உள்ளமைப்பைக் காணாமல் கூறுவன. இவ்வாக்கத்தின் உலகில் உடல் ஏற்கெனவே பொருளாக்கப்பட்டுவிட்டது. நிறுவனம் மாந்தரின் எலும்பில் திருகாணியை இறக்கியது. படை அவர்களை மதிலுக்குள் அடைத்தது. நோய் அவர்களை உருமாற்றியது. பிறர் உடலைப் பாகங்களாகக் காணும் பார்வை ஆடுவோர்க்கு முன்பே அவ்வுலகில் நிலைபெற்றுவிட்டது. ஆடுவோர் பிழைத்திருக்கக் கற்கும் திறன் அப்பார்வையைத் தமதாக்கிக்கொள்வதே. அந்நிலையில் விதிகள் கதையை மறுப்பனவாக இல்லை; கதை சொல்லத் தவறியதை விதிகள் சொல்லிவிடுகின்றன.

விளையாட்டின் விதி ஒன்றையும் கதை வேறொன்றையும் கூறும் முரணை வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் ‘பயோஷாக்’ என்னும் ஆக்கத்தைக் குறித்து எழுதிய கட்டுரையில் சுட்டினார். ‘தி சர்ஜ் 2’ ஆக்கத்தில் காணப்படுவது அதன் மறுதலை எனலாம். விதியும் களமும் ஒன்றையே கூறுகின்றன. அதனை உணர்ந்ததாகக் காட்டும் ஒரு கணம் மட்டும் கதையில் இல்லை. சிறுமி ஒருத்தியைக் காத்தற்காகச் செல்பவர் நூற்றுக்கணக்கான கைகளை வெட்டிக்கொண்டு செல்கின்றார். அதனைக் குறித்து எவரும் ஆழ்ந்து வினவுவதில்லை. முதல் ஆக்கத்தின் வாரன் தன்னுடலில் திருகாணி இறங்கியபோது அலறினான். அவ்வலறலின் நினைவு தொடர்ச்சியில் எங்கேனும் எதிரொலித்திருப்பின், வெட்டும் ஒவ்வொரு கணமும் உவகையோடு வெகுளியையும் எழுப்பியிருக்கும். அவ்விரு மெய்ப்பாடுகளும் ஒருங்கு நின்று பொருதிருப்பின் இஃது உயர்ந்த ஆக்கமாகியிருக்கும். கிடைத்த வாய்ப்பை விட்டமையே இதன் மெய்யான குறை.

நகரின் இருமுகம்

போர் தவிர்ந்த ஒரு துறையில் இத்தொடர்ச்சி கதையுணர்வையும் எட்டியுள்ளது. அது களத்தின் அமைப்பு. ஜெரிக்கோவின் பகுதிகள் ஒன்றோடொன்று குறுக்குவழிகளால் பிணைக்கப்பட்டுள்ளன. நெடுவழி நடந்து, பலமுறை வீழ்ந்து, ஒரு கதவைத் திறப்பவர் தாம் புறப்பட்ட மருத்துவக் கூடத்தின் அருகிலேயே நிற்பதைக் காண்பர். அக்கணத்தில் எழும் ஆறுதல் சொற்களால் ஊட்டப்படுவதன்று. அச்சமூட்டிய வழி பழகிய வழியாகின்றது. நகரம் மனத்தில் வரைபடமாகின்றது.

கதையின் இடைப்பகுதிக்குப் பின் நானோ நுண்பொறிகளின் பெருக்கால் அந்நகரம் உருமாறுகின்றது. பழகிய தெருக்களில் புதிய வளர்ச்சிகள் படர்கின்றன. பழைய பகைவர் இருந்த இடத்தில் வேறு பகைவர் நிற்கின்றனர். புதிய இடங்களைப் படைக்கும் செலவைத் தவிர்க்கும் உத்தியாகவும் இதனைக் கொள்ளலாம். ஆயினும் விளைவு செலவுக் கணக்கைக் கடந்தது. உழைத்துக் கற்ற நகரம் அழிவதைக் காண்பவர்க்கே அழிவு உறைக்கும். இழவினின்று அழுகை பிறக்கும் என்னும் மெய்ப்பாட்டு விதி இங்கு ஓரளவு மெய்யாகின்றது. ஆடுவோர் இழப்பது தம் கால்களால் அறிந்த ஓரிடத்தை.

கடினமும் வாயிலும்

இவ்வாக்கத்தில் கடின அளவைக் குறைத்துக்கொள்ளும் தெரிவு இல்லை. இதே 2019-ஆம் ஆண்டின் மார்ச்சில் வெளிவந்த ‘செகிரோ’ என்னும் ஜப்பானிய ஆக்கத்தை ஒட்டி இப்பொருள் பெரிய விவாதமாயிற்று. கடினம் ஆக்கத்தின் உயிர், அதனைக் குறைத்தல் ஆக்கத்தைக் குறைத்தல் என்றனர் ஒருசாரார். உடலியலாமை உடையோர்க்கு வாயிலடைத்தல் அறமன்று என்றனர் மறுசாரார். 2018-இல் வெளிவந்த ‘செலஸ்டி’ என்னும் ஆக்கம் மிகக் கடினமானதாயினும் வேகத்தைக் குறைத்தல் முதலிய உதவிகளை ஆடுவோரே தெரிவுசெய்ய இடந்தந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உடலியலாமை உடையோர்க்கெனத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டது. எனவே வேறு வழியே இல்லை என்னும் வாதம் அக்காலத்திலேயே வலுவிழந்திருந்தது.

‘தி சர்ஜ்’ வரிசைக்கு இவ்விவாதம் பிற ஆக்கங்களைவிட நெருக்கமானது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவனிடமிருந்து தொடங்கிய வரிசை இது. அவனுக்குக் கருவி கிடைத்தது. அவனைப் போன்றோர் சிலர் இவ்வாக்கத்தை ஆட விரும்பின், விரலின் விரைவையே நுழைவுச் சீட்டாகக் காட்டல் வேண்டும். கதைக்குள் பேசப்பட்ட உடலியலாமை கதைக்கு வெளியே நினைக்கப்படவில்லை.

இதற்கு மாற்றாக ஒன்றைக் கூறலாம். திறன் குறைந்தோர் பழைய இடங்களில் மீண்டும் மீண்டும் பொருது ஸ்கிராப் ஈட்டி, தம் உடல்நலத்தையும் ஆற்றலையும் உயர்த்திக்கொண்டு கடினத்தைக் குறைக்கலாம். அவ்வகையில் இவ்வாக்கம் ‘செகிரோ’வைவிட நெகிழ்வுடையது. ஆயின் அந்நெகிழ்வின் விலை காலம். ஓய்வு மிகுந்தோர்க்கே அவ்வழி திறக்கும். திறன் இல்லாதோர் காலத்தைக் கொடுக்கலாம். இரண்டும் இல்லாதோர் வெளியே நிற்பர். கடினம் கல்வியாக அமைதல் வேண்டின், கற்கும் ஒவ்வொருவரின் நிலைக்கும் இடந்தருதல் அதன் பகையாகாது. நல்லாசிரியன் பாடத்தின் தரத்தைக் குறைக்காமலே மாணாக்கரின் ஆற்றலறிந்து கற்பிப்பான். திசைக்குறி காட்டும் உட்பொருத்தைத் தந்த இவ்வாக்கம் அந்நெறியின் முதற்படியில் காலெடுத்து வைத்து அங்கேயே நின்றுவிட்டது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

‘தி சர்ஜ் 2’ கதைத்துறையில் தன் முன்னோடியை விஞ்சவில்லை. போரின் விதிகளை இயைபுடைய இலக்கணமாக வளர்த்ததில் விஞ்சியது. உறுப்புத் தெரிவு, திசைத்தடுப்பு, பேட்டரி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி, ஆசைக்கும் இடருக்கும் உள்ள உறவை ஆடுவோரின் உடலே உணருமாறு செய்கின்றன.

தோல்வியைத் தண்டனையாக மட்டும் வைக்காமல் கற்றலின் வழியாக வைத்தமையால், பெருமிதத்திற்குரிய கல்வியும் தறுகண்ணும் இங்கு விளைகின்றன. சுவர்க்குறிகளின் வழியே கொடையும் இசைமையும் சிறிதளவு இடம்பெறுகின்றன.

உறுப்பறையை உவகையின் வழியாக்கியது இவ்வாக்கத்தின் மையச் செயல். மாந்தவுடல் பாகங்களாக எண்ணப்படும் உலகைக் காட்டுதற்கு இதனைவிட ஏற்ற விதி அரிது. அவ்விதி எழுப்பியிருக்க வேண்டிய வெகுளியை ஆக்கம் எழுப்பாமல் விட்டது.

கடினத்தைப் பேணுதலும் வாயிலைத் திறத்தலும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதற்குச் சமகால ஆக்கங்களே சான்றாகின்றன. உடலியலாமையில் தொடங்கிய ஒரு வரிசை இதனை மறந்தது வருந்தத்தக்கது.

எண்வகை மெய்ப்பாடுகள் செய்யுளுக்கென வகுக்கப்பட்டவை. கூத்து நூலாரும் அவற்றையொட்டிச் சுவையாய்ந்தனர். கை அசைய, கண் கூர, உடலே பொருளுணரும் ஒரு புதிய வடிவத்திற்கும் அவை அளவுகோலாக நிற்கக் கூடும் என்பதற்கு இவ்விடைநிலை ஆக்கம் ஒரு சான்று. வெட்டிய கையைக் கண்டு உவப்பவர், அது யாருடைய கை என ஒருகணம் எண்ணுமாறு செய்யும் ஆக்கம் தோன்றும்போது, வெகுளியும் விளையாட்டும் ஒருசேர நிற்கும் புதிய மெய்ப்பாடு ஒன்றைத் திறனாய்வு எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.